வடிகால் வந்த கதை, இரண்டு பக்கங்களுக்கு மிகாமல்

1

இந்தக் கதையை எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. என்னிடம் கேட்டது கதையும் அல்ல, கட்டுரை. எங்கள் தெரு நலச்சங்கத்தின் தலைவர் சவுரிமுத்து சார் ஒரு மாலை மாடியேறி வந்து, மூச்சு வாங்க நின்று, "ஆண்டு மலர் போடுறோம் சார். இந்தத் தெருவுல எழுதுறவர்னா நீங்க ஒருத்தர்தான். நமக்கு மழைநீர் வடிகால் எப்படி வந்துச்சுன்னு ஒரு கட்டுரை வேணும். ரெண்டு பக்கத்துக்கு மேல வேணாம். படிச்சா ஒரு சந்தோஷம் வரணும்" என்றார்.

ஒப்புக்கொண்டேன். அன்றே உட்கார்ந்து எழுதிய முதல் வாக்கியம் இது:

சாலேம் நகர் இரண்டாவது தெரு மக்களின் நெடுநாள் கனவு சென்ற ஆண்டு செப்டம்பர் மாதம் நிறைவேறியபோது—

நிறுத்திவிட்டேன். வாக்கியத்தில் பிழை இல்லை. நெடுநாள் கனவுதான், நிறைவேறியதும் உண்மைதான். ஆனால் அதை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் கீழ் வீட்டில் ஜெரூஷா டீச்சர் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. நான் அவருடைய மாடியில் குடியிருப்பவன். வடிகாலைக் கொண்டுவந்தவர் அவர்தான். மலரில் அவருடைய படம் முழுப் பக்கத்துக்கு வர வேண்டும் என்று சங்கம் விரும்புகிறது. படம் தர மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். ஏன் என்று சங்கத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்ல இரண்டு பக்கம் போதவில்லை.

(தெருப் பெயர்களையும் ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். தாம்பரத்தை மட்டும் மாற்றவில்லை. வேறு ஊரில் வைத்து எழுதிப் பார்த்தேன்; தண்ணீர் வேறு பக்கம் ஓடியது.)

2

இரண்டாவது தொடக்கம்:

லாசரஸ் ஐயா இறந்த அன்று நல்ல வெயில்.

இந்த வாக்கியத்தின் மேல் எனக்குக் கொஞ்ச நாள் ஆசை இருந்தது. ஆனால் சாவில் தொடங்கினால், யார் காரணம் என்று தேடிக்கொண்டேதான் நீங்கள் மீதியைப் படிப்பீர்கள். அதனால் இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் தெரு ஒரு கிண்ணம். சுற்றியுள்ள சாலைகளைப் புதிதாகப் போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, சாலை உயர்ந்து வீடுகள் தாழ்ந்துவிட்டன. கிழக்குத் தாம்பரத்தில் இப்படிப்பட்ட தெருக்கள் நிறைய. ஐப்பசி பிறந்தால் முழங்கால்வரை தண்ணீர். சில வருடம் இடுப்புவரை. மெத்தை, மாவரைக்கும் கிரைண்டர், பிள்ளைகளின் புத்தகங்கள் என்று எல்லாவற்றையும் பரண்மேல் ஏற்றுவது எங்களுக்கு ஒரு பண்டிகை வேலை மாதிரி ஆகியிருந்தது.

எங்கள் தெருவிலிருந்து ஏரியை நோக்கிச் சரிவில் இறங்கினால் மல்லிகை தெரு. எங்களைவிடப் பள்ளம்தான். ஆனால் அங்கே தண்ணீர் நின்றதில்லை. மேலே கிண்ணத்திலேயே எல்லாம் தங்கிவிட்டால் கீழே எது போகும்?

மல்லிகை தெருவின் கடைசி வீட்டில், தரைத்தளத்தில், ஜெரூஷா டீச்சரின் தங்கை ஹெப்சி குடியிருக்கிறார். ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. கணவர் காலேப் நாவலூரில் ஒரு ஐடி கம்பெனியின் வாகனங்களைக் கவனித்துக்கொள்கிறவர்.

சகோதரிகளின் அப்பா லாசரஸ். ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு மூத்த மகளோடு, அதாவது நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தார். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது. பேச்சும் போனது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது: "சரி." சாப்பிடுறீங்களாப்பா என்றால் சரி. வலிக்குதா என்றால் சரி. வேண்டாம் என்பதற்கும் சரிதான். அப்போது தலை மட்டும் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும்.

தண்ணீர் வருகிற வீட்டில் அவரை வைத்திருக்க முடியாது. மழைக்காலம் முடியும்வரை என்று சொல்லித்தான் ஹெப்சி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மழைக்காலம் முடிந்தது, அடுத்ததும் வந்துபோனது. டீச்சர் தினமும் பள்ளிவிட்டு நேரே அங்கே போவார். அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டு, கஞ்சி ஊட்டிவிட்டு, இருட்டுவதற்குள் திரும்புவார்.

"இந்தத் தடவ நான் கூட்டிட்டுப் போறேன் ஹெப்சி."

"தண்ணி நிக்கிற வீட்டுல கட்டில எங்கக்கா போடுவ?"

இதில் சண்டை எதுவும் இல்லை. தங்கை கேட்டது நியாயமான கேள்வி. வடிகால் வந்த கதை இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. மலரில் "குடியிருப்போரின் ஒன்றுபட்ட முயற்சியால்" என்று எழுதியிருக்கிறேன்.

3

ஜெரூஷா டீச்சரை ஒரு பாத்திரமாக வைத்துப் பார்த்தால் எனக்குச் சந்தேகங்கள் வருகின்றன. கணக்கு டீச்சர். குரல் கடைசி பெஞ்சுவரை போகும். நினைத்ததை முடிக்காமல் விட மாட்டார். இப்படி ஒருவரை வாசகர்களுக்குப் பிடிக்குமா? கொஞ்சம் மென்மையாக்கலாம் என்று, ஞாயிறுகளில் சபையின் பாடகர் குழுவில் பாடுவார் என ஒரு வரி சேர்த்தேன். அவர் பாட மாட்டார். பாடுகிறவர்களை நேரத்துக்கு வரச் சொல்லி விரட்டுவார். வரியை எடுத்துவிட்டேன்.

சங்கச் செயலாளர் அவர்தான். மனு, நினைவூட்டல், மறுபடி மனு என்று வருடக்கணக்கில் அலைந்தார். ஒருநாள் மாநகராட்சிப் பொறியாளர் பத்ரி வரைபடத்தோடு தெருவுக்கு வந்தார். இளைஞர், பொறுமையாகப் பேசுவார். எங்கள் தெருவில் தொடங்கி, மல்லிகை தெரு வழியாக, ஜெயவேலு என்பவரின் நிலத்தை ஒட்டிப் போய் ஏரிக்குச் செல்லும் ஓடையில் சேர்வதாகத் திட்டம். பால் வாங்கப் போன நானும் நின்று கேட்டேன்.

"கீழ ஓடைப் பக்கம் ஆரம்பிச்சு மேல வரணும் மேடம். அதுதான் முறை. ஆனா அந்தக் கடைசித் துண்டுல ஒரு லேண்ட் பிரச்சினை இருக்கு. அது க்ளியர் ஆகட்டும்."

"எப்ப ஆகும்?"

"சொல்ல முடியாது மேடம்."

"அப்ப இந்த மழைக்கு முன்னாடி எங்க தெரு முடியாது."

"கஷ்டம்தான்."

"மேலேர்ந்து ஆரம்பிங்க சார். நீங்க கீழ வர்றதுக்குள்ள அது க்ளியர் ஆயிடும். எங்கப்பாவ இந்த வருஷமாவது நான் வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்."

பத்ரி வரைபடத்தைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். டீச்சர் விடவில்லை. தெருவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். நானும் போட்டேன். வேலை மேலிருந்து தொடங்கியது.*

* தொட்டியை ஒரு குழாய் நிரப்புகிறது, இன்னொரு குழாய் காலி செய்கிறது, தொட்டி எப்போது நிரம்பும் என்று எல்லாக் கணக்கு டீச்சரும் நடத்துகிற கணக்கை அவரும் நடத்தியிருப்பார். இதை எழுதலாமா கூடாதா என்று வெகுநேரம் யோசித்தேன். எழுதிவிட்டேன். நீங்கள் வேண்டுமானால் படிக்காமல் விடலாம்.

செப்டம்பரில் எங்கள் தெரு முடிந்தது. மல்லிகை தெருவின் கடைசிவரை கான்கிரீட் போனது. அங்கே ஜெயவேலு நீதிமன்றத்தில் ஸ்டே வாங்கிவிட்டார். வேலை நின்ற இடம் ஹெப்சி வீட்டு வாசலுக்குச் சற்று முன்னால். தற்காலிகமாக இருக்கட்டும் என்று பக்கவாட்டில் ஒரு திறப்பு விட்டுவிட்டுப் போனார்கள்.

டீச்சர் அப்பாவின் அறைக்கு வெளிர்நீலத்தில் பெயிண்ட் அடித்தார். குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடிக் கம்பி வைத்தார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அப்பாவைக் கூட்டி வருவதாகப் பேச்சு.

4

அந்த ஞாயிறுக்கு முன்பே மழை வந்துவிட்டது.

முதல்நாள் மாலை பிடித்த மழை விடியும்வரை ஓயவில்லை. காலையில் நான் பால்கனிக்கு வந்து பார்த்தேன். தெரு காய்ந்திருந்தது என்று சொல்ல முடியாது, ஈரமாக இருந்தது. அவ்வளவுதான். தண்ணீர் நிற்கவில்லை. கான்கிரீட் மூடிகளுக்குக் கீழே அது கடகடவென்று இறங்கிப் போகும் சத்தம் மட்டும் கேட்டது. ஜனங்கள் குடையோடு வெளியே வந்து வெறும் தெருவை வீடியோ எடுத்தார்கள். சவுரிமுத்து சார் வீட்டில் கேசரி கிண்டி எல்லா வீட்டுக்கும் அனுப்பினார்கள். டீச்சரின் கணவர் ஆல்வின், மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர், எதற்கும் அதிகம் சிரிக்காதவர், அன்று வாசலில் நின்று எல்லோரோடும் கை குலுக்கினார்.

கேசரிக் கிண்ணம் கையில் இருக்கும்போதே டீச்சரின் போன் அடித்தது. ஹெப்சி.

"அக்கா, வீட்டுக்குள்ள தண்ணி."

"எந்த வீட்டுக்குள்ள?" என்று கேட்டார் டீச்சர். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

டீச்சர், ஆல்வின், நான் மூன்று பேரும் ஓடினோம். வடிகால் முடிந்த இடத்தில், அந்தப் பக்கவாட்டுத் திறப்பிலிருந்து தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. ஒரு தெரு முழுக்க நின்றிருக்க வேண்டிய தண்ணீர். ஹெப்சி வீட்டில் கட்டில் சட்டம்வரை ஏறியிருந்தது. லாசரஸ் ஐயாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, காலேப்பும் பக்கத்து வீட்டுக்காரரும் மாடிப்படியில் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் வேட்டி முழுக்க நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. ஒவ்வொரு படிக்கும் அவர் "சரி, சரி" என்றார். தூக்குகிறவர்களைத் தேற்றுவது போல.

காய்ச்சல் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மழை விட்டு வெயில் அடித்த ஒரு முற்பகலில் இறந்துபோனார். "வயசாச்சு, ஏற்கனவே ஸ்ட்ரோக் வந்தவர், எப்ப வேணும்னாலும் ஆகியிருக்கலாம்" என்றார் டாக்டர். நல்ல மனிதர். ஆனால் அந்த வாக்கியம் கதை எழுதுகிறவனுக்கும் உதவாது, மகளுக்கும் உதவாது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்ததை நான் பார்த்தபடியே எழுதுகிறேன். டீச்சர் சுவரில் சாய்ந்து நிற்கிறார். ஹெப்சி எதிரே வந்து நின்று கேட்கிறார்:

"உங்க தெரு காஞ்சிருச்சாக்கா?"

டீச்சர் தலையைத் தூக்கிப் பார்த்தார். முகத்தில் யாரோ அறைந்தது போல இருந்தது. ஆல்வின்தான், "காஞ்சிருக்கும்மா. நம்ம வீட்டுக்கே கொண்டுபோயிடலாம்" என்றார். பெட்டியைக் கொண்டுவந்து அந்த வெளிர்நீல அறையில் வைத்தார்கள். ஆயர் வந்து ஜெபித்தார். அப்பா அப்படித்தான் மூத்த மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அடக்கம் முடிந்த பிறகு தங்கை தன் வீட்டுக் கதவை அக்காவுக்குச் சாத்திவிட்டார்.

(மேலே உள்ள வாக்கியம் தவறு என்று பிறகு தெரிந்தது. திருத்தாமல் விட்டிருக்கிறேன். ஏனென்று எட்டாம் பகுதியில் தெரியும்.)

5

ஜெயவேலுவை நான் முதலில் வில்லனாகத்தான் எழுதினேன். கழுத்தில் தடித்த சங்கிலி போட்டேன், குரலைக் கரகரப்பாக்கினேன். நேரில் பார்த்தபோது சங்கிலி இல்லை. ஏரிக்கரைச் சாலையில் செங்கல், ஜல்லி, சிமெண்ட் விற்கும் கடை. ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்த குடும்பம். எங்கள் தெரு மனைகளெல்லாம் அவர்கள் விற்ற நிலம்தான்.

டீச்சர் போக வேண்டும் என்றார். ஆல்வின் வர மறுத்தார். நான் கூடப் போனேன்.

"வாங்க டீச்சர், குந்துங்க. அப்பா விசயம் கேள்விப்பட்டேன். ரொம்ப பேஜாராப் பூடுச்சு." அவரே எழுந்து ஃபேனை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீங்க ஸ்டேய வாபஸ் வாங்கணும்."

"அந்த எடத்துல கடை கட்டலாம்னு வச்சினுகீறேன். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கீது, வாங்க, காட்றேன்."

கடைக்குப் பின்னால் கூட்டிப்போனார். மல்லிகை தெருவிலிருந்து வழிந்த தண்ணீர் தானே ஒரு பாதை கண்டுபிடித்து அங்கே ஓடையில் விழுந்துகொண்டிருந்தது. கறுப்பாக. மேலே சோப்பு நுரை. கரையோரக் கோரை கருகிக் கிடந்தது.

"மழ நின்னு ஒரு மாசம் ஆவுது டீச்சர். இன்னும் வந்துகினே கீது. இது எங்கேர்ந்து வர்ற தண்ணி? மோந்து பாருங்க."

டீச்சர் குனியவில்லை. குனியத் தேவையில்லாமல் வீசியது.

"மழத்தண்ணி வுடுங்க, வாணான்னு சொல்ல நான் யாரு? உங்க காலனி கக்கூஸ் தண்ணியும் சேந்துல்ல வருது. இது நேரா ஏரிக்குப் போவுது. அதுக்குத்தான் ஸ்டே."

"எங்க தெருவுல அப்படி யாரும்..." என்று ஆரம்பித்த டீச்சர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"பைப்ப எல்லாம் அடைச்சிட்டு வந்து சொல்லுங்க. நானே ஸ்டேய எடுத்துடறேன். கடைய கொஞ்சம் தள்ளிக் கட்டிக்கறேன். அதுக்கு இன்னா பண்றது."

கடைக்காகவா, ஏரிக்காகவா? இரண்டுக்காகவும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கதையில் ஒரு காரணம் போதும் என்பார்கள். அவரிடம் இரண்டு இருந்தன. இரண்டும் உண்மை.

6

இந்தப் பகுதியை இரண்டு முறை நீக்கினேன். ஒரு துயரமே போதாதா, இன்னொன்று எதற்கு என்று கேட்டுக்கொண்டேன். நான் சேர்த்ததாக இருந்தால் வெட்டியிருப்பேன். நடந்துவிட்டது, என்ன செய்வது.

டீச்சர் கேட்டுக்கொண்டபடி பத்ரி ஆட்களோடு வந்து, எங்கள் தெருவில் வடிகாலின் மூடிகளை ஒவ்வொரு வீட்டு முன்னாலும் தூக்கிப் பார்த்தார். முதல் வீட்டில் ஒரு வெள்ளை பிவிசி குழாய் எட்டிப் பார்த்தது. இரண்டாவதில் இரண்டு. செப்டிக் டேங்க் நிரம்பினால் லாரி கூப்பிட வேண்டும். வடிகாலில் ஒரு குழாயைச் சொருகிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. சவுரிமுத்து சார் வீட்டிலும் இருந்தது. அவர் உள்ளே போய்விட்டார்.

எங்கள் வீடு வந்தபோது பத்ரி தயங்கினார். "உங்க வீடு வேணாம் மேடம்."

"தொறங்க சார். இல்லன்னா மத்தவங்க என்ன சொல்வாங்க?"

தூக்கினார்கள். குழாய் இருந்தது. வாயிலிருந்து சோப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

டீச்சர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆல்வின் கேட்டருகே வந்தார்.

"எல்லாரும் போட்டாங்க ஜெரூ. கான்கிரீட் போட்ட ஆளுங்களே ஒரே நாள்ல பண்ணித் தரேன்னாங்க. உன்கிட்ட சொன்னா வேணாம்ப."

"எப்ப?"

"மூடி போடுறதுக்கு முன்னாடி."

"மழைக்கு முன்னாடியா?"

ஆல்வின் தரையைப் பார்த்தார். "ஆமா."

டீச்சர் கேட்டது அவ்வளவுதான். அவர் மனதில் என்ன ஓடியது என்று பக்கம் பக்கமாக எழுதலாம். எழுதியும் பார்த்தேன். எல்லாவற்றையும் அடித்துவிட்டு இதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்: அப்பாவின் கட்டில்வரை ஏறியது மழைத்தண்ணீர் மட்டும் அல்ல.

(அந்தக் குழாயில் மாடி வீட்டுத் தண்ணீரும் சேர்த்தி. அதாவது நான் குளித்தது, நான் துவைத்தது.)

"அடைங்க" என்றார் டீச்சர், சிமெண்ட் கலந்துகொண்டிருந்தவரிடம். "மொதல்ல இத."

7

இனி வருவதைக் கட்டுரையாகவே எழுதிவிடுகிறேன். அடைப்பது என்று முடிவானதும் தெருவில் டீச்சரை யாருக்கும் பிடிக்காமல் போயிற்று. "எல்லாத் தெருவுலயும்தான் போட்டிருக்காங்க, நாம மட்டும் என்ன?" என்றார்கள். மணி அடித்தால் திறக்காத கதவுகள் இருந்தன. அப்பா போன துக்கத்தில் டீச்சருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அவர் வீடு வீடாகப் போனார். லாரிக்காரரைப் பேசி வைத்து, ஒரே நாளில் பல டேங்குகளைச் சுத்தம் செய்ய ஏற்பாடு செய்தார். கடைசியில் நோட்டீஸ் வந்த பிறகே அடைத்த வீடுகளும் உண்டு. ஆல்வின் ஒன்றும் பேசாமல் அவர் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் யாரோ டீச்சரிடம் கத்தியபோது மட்டும், "எங்க வீட்லயும் இருந்துச்சுங்க. நான்தான் போட்டேன்" என்றார்.

ஓடை மெல்லத் தெளிந்தது. ஜெயவேலு சொன்ன சொல் காப்பாற்றினார், தன் வசதிக்குக் கொஞ்சம் காலம் எடுத்துக்கொண்டு. கடைசித் துண்டு இந்த ஜூனில் கட்டப்பட்டது. ஓடையில் சேரும் இடத்தில் மண்ணும் குப்பையும் தங்க ஒரு தொட்டி, அதன் முன்னால் கம்பி வலை. டீச்சர் சாயங்காலங்களில் போய் வேலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மல்லிகை தெரு வழியாகப் போனால் பக்கம். அவர் ஏரிக்கரைச் சாலையைச் சுற்றிக்கொண்டு போவார்.

8

இந்த ஐப்பசியில் முதல் பெருமழை பெய்தது. எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. மல்லிகை தெருவிலும் நிற்கவில்லை. செம்மண் நிறத்தில் ஓடைக்கு இறங்கிப் போனது. நாற்றம் இல்லை.

இனி முடிவு வேண்டும்.

முடிவு அ. மல்லிகை தெருவில் குடையோடு டீச்சர் நிற்கிறார். கேட் திறக்கிறது. "உள்ள வாக்கா, நனையாத" என்று—

எழுதும்போதே கூசியது.

முடிவு ஆ. கேட் திறக்கவில்லை. ஜன்னல் திரை மட்டும் ஒரு கணம் அசைந்து—

அந்த ஜன்னலில் திரையே கிடையாது. தண்ணீர் வந்தபோது நனைந்த திரைகளை எறிந்தவர்கள் வேறு வாங்கவில்லை.

முடிவு இ. இரண்டு தெருக்களும் காய்ந்திருக்கின்றன, ஓடையும் தெளிந்து வருகிறது. மலருக்கு இதைத்தான் கொடுத்தேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. படித்துவிட்டு சவுரிமுத்து சார் சந்தோஷப்பட்டார்.

வேறு வழியில்லாமல் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஹெப்சி வீட்டுக்குப் போனேன். இப்படி ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். "படிங்கண்ணா" என்று எதிரே உட்கார்ந்தார். படித்தேன்.

நாலாம் பகுதியின் கடைசி வரியில் நிறுத்தச் சொன்னார்.

"நான் கதவச் சாத்திட்டேன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"நான் சாத்தலண்ணா. அவ வரவே இல்ல."

அவரே தொடர்ந்தார். "ஆஸ்பத்திரில கேட்டதையும் எழுதிட்டீங்க. வார்த்த அதேதான். எங்க வீடு பூரா சேறு. அப்பாவ எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னு தெரியல. அவங்க வீட்டுல வைக்கலாமான்னுதான் கேட்டேன். வேற ஒண்ணும் நெனச்சுக் கேக்கல. ஆனா கேட்டு முடிச்சதும் எனக்கே வேற மாதிரி கேட்டுச்சு. அவ மொகத்தப் பாத்தேன். அவளுக்கும் அப்படித்தான் கேட்டிருக்குன்னு தெரிஞ்சுது. அப்பவே சொல்லியிருக்கலாம், அது இல்லக்கான்னு."

"ஏன் சொல்லல?"

"கொஞ்ச நேரம் அவளுக்கும் வலிக்கட்டும்னு இருந்துச்சு. கொஞ்ச நேரம்தான்." விரல் நுனியால் நாற்காலிக் கையைத் தேய்த்தார். "அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஒரு வருஷம் ஆயிடுச்சு."

மேலே படித்தேன். ஆறாம் பகுதி வந்தபோது என் வாய் நின்றுவிட்டது. இதை இவருக்குப் படித்துக்காட்ட எனக்கு என்ன உரிமை?

"ஏன் நிறுத்திட்டீங்க?"

நான் தாளை மடிக்கப் போனேன்.

"அந்தத் தண்ணி நாறுச்சுண்ணா" என்றார் ஹெப்சி. "அப்பா கால நான்தான் கழுவினேன். மழத்தண்ணி நாறாது. யார் வீட்டுதுன்னு நான் யாரையும் கேக்கல. நீங்க படிங்க."

படித்தேன். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பைப்பு விஷயம் அக்காவுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது. அந்த மூடியத் தொறந்தப்பதான் தெரிஞ்சுது. நான் பக்கத்துல நின்னேன்."

எழுந்து உள்ளே போனார். குழாய் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். டீ கொடுத்தார்.

"முடிவு என்ன எழுதறது?" என்று கேட்டேன்.

"எழுதாதீங்கண்ணா" என்றார். "நானே இன்னும் முடிவு பண்ணல."

9

துணி எடுக்க மொட்டைமாடிக்கு வந்த ஜெரூஷா டீச்சர், இறங்கும்போது என் வாசலில் நின்றார். கை நிறையத் துணி. வெளியே தூறல்.

"ஹெப்சிகிட்ட என்னமோ படிச்சுக் காட்டினீங்களாமே. காலேப் இவருக்கு போன் பண்ணியிருக்காரு."

"ஆமா டீச்சர்."

"என்ன சொன்னா?"

ஹெப்சி சொன்னது நிறைய. ஆஸ்பத்திரி வராந்தாவைப் பற்றிச் சொன்னதை நான் எடுத்துச் சொல்லக் கூடாது. அதைச் சொல்ல வேண்டியவர் வேறு ஆள். (நீங்களும் டீச்சரைப் பார்க்க நேர்ந்தால் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.) அதனால் கடைசியில் சொன்னதை மட்டும் சொன்னேன். முடிவு எழுத வேண்டாமாம். அவர் இன்னும் முடிவு பண்ணவில்லையாம்.

டீச்சர் துணிகளை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"பண்ணிட்டேன்னு சொல்லலையே?"

"இல்ல டீச்சர்."

"இன்னும்னு சொன்னாளா? இன்னும் பண்ணலன்னு?"

"ஆமா. இன்னும்னு சொன்னாங்க."

"இன்னொரு தடவ சொல்லுங்க சார். அவ சொன்ன மாதிரியே."

சொன்னேன். கடைசி பெஞ்சுப் பிள்ளை விடை சொல்வதைக் கேட்கிற டீச்சர் மாதிரி, தலையைச் சாய்த்துக் கேட்டார். இரண்டு படி இறங்கினார். நின்றார். திரும்பிப் பார்க்காமல் கேட்டார்:

"நாளைக்குப் போனா ரொம்ப அவசரப்பட்ட மாதிரி இருக்குமா சார்?"

எனக்குத் தெரியவில்லை. உங்களைக் கேட்கிறேன்.